மொச்சைக்கு ஒரு மார்க்

"உதறு" என்கிறார் ஞானபாக்கியம் டீச்சர்.

திங்கட்கிழமை காலை ஒன்பதே கால் மணி. தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூட வாசல். பாவாடைகள் வரிசையில் நிற்கின்றன. டீச்சர் முகங்களைப் பார்ப்பதே இல்லை. முகம் எதையும் மறைத்துவிடும் என்பது அவர் கட்சி. குனிந்து பாவாடையின் அடி மடிப்பைத்தான் பார்க்கிறார். உதறியதும் மண் உதிர்ந்தால் அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட்டில் சம்மணம் போட்டுப் படம் பார்த்தவள். உதிராவிட்டால் பார்க்காதவள், அல்லது பெஞ்சு டிக்கெட் வாங்க வசதியுள்ளவள்.

அத்தோடு விடமாட்டார். உதிர்ந்த மண்ணை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, எந்தக் கொட்டகை என்றும் சொல்லிவிடுவார். சிற்றாற்று மணல் வெள்ளையாக, நறநறவென்று இருக்கும். அது தென்காசிக் கொட்டகை. சிவப்புப் படிந்தால் செங்கோட்டை. வழுக்கினால் சந்தேகமே வேண்டாம், குற்றாலம். சீசன் முழுக்க ஊர் உலகமெல்லாம் வந்து எண்ணெய் தேய்த்து அருவியில் குளிக்க, அந்த எண்ணெய் வாய்க்கால் மணலில் ஊறி, அந்த மணலைத்தானே அள்ளிக் கொட்டகைக்குள் கொட்டுகிறார்கள். இரண்டு கை குற்றாலத்து மணலை வாணலியில் போட்டு டீச்சர் அப்பளம் பொரித்தார் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அப்பளம் நன்றாகவே உப்பி வந்ததாம்.

"இது செங்கோட்ட மண்ணுல்லா? அங்கன எதுக்குட்டி போனே?"

"அத்தை வீட்டுக்கு, டீச்சர்."

"அத்தை கொட்டகைக்குள்ளயா குடியிருக்கா?"

முன்பெல்லாம் பிடிபட்டவளுக்கு அன்றைய பாடத்தைப் பத்துத் தடவை எழுதும் தண்டனை. ஐந்து வருஷமாகத் தண்டனை வேறு. பெஞ்சின்மேல் ஏறி நின்று, பார்த்த படத்தில் எது மெய், எது பொய் என்று வகுப்புக்குச் சொல்லவேண்டும். "ராஜா குதிரையோட மலையத் தாண்டினாரு டீச்சர், அது பொய். ஆனா தாண்டினப்புறம் குதிரைக்கு மூச்சு வாங்குச்சு. அது மெய்." டீச்சர் தலையசைப்பார். தண்டனை மாறியதற்கு ஒரு மொச்சைக்கொட்டை காரணம். அதைச் சொல்வதற்கு முன் டீச்சரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒல்லி. உயரம். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, கொண்டையில் செருகிய சிவப்புப் பென்சில். கையில் எப்போதும் ஒரு குடை உண்டு. குற்றாலத்துச் சாரலில் மட்டும் விரிக்கமாட்டார், குடை நனைந்துவிடும். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "புஸ்தகத்துல இருக்கா, பண்ணித்தான் ஆகணும்னு?" என்று கேட்டதாக ஒரு பேச்சு.

அந்த 'புஸ்தகத்துல இருக்கா'தான் அவருடைய தராசு. தையல்காரர் வெள்ளிக்கிழமை ரவிக்கை தருகிறேன் என்றாலும் அதேதான், சர்ச் வேலைகளைக் கவனிக்கும் கோயில் பிள்ளை இந்த வருஷம் மழை அதிகம் என்றாலும் அதேதான். சயன்ஸ் புத்தகம் முழுக்கப் பக்க எண்ணோடு மனப்பாடம். சந்தையில் மொச்சை அளக்கிறவளிடம், "பக்கம் நாப்பத்தொண்ணு, அரைப்படி போடு" என்பார். அவளும் போடுவாள்.

பக்கம் நாற்பத்தொன்று மொச்சை விதை முளைத்தல். அதற்கு டீச்சர் கையால் வரைந்த படம் வகுப்புச் சுவரில் தொங்கியது. ஐந்து கட்டம். ஊறிப் பருத்த விதை, கீழே இறங்கும் வேர், வளைந்து வெளிவரும் தண்டு, நிமிர்ந்த தண்டு, இரண்டு இலை. கட்டத்துக்குக் கட்டம் ஒரு அம்புக்குறி. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஒருவர் அதன் முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினார்; வியர்த்ததால் கழற்றினார் என்று மற்ற டீச்சர்கள் சொன்னார்கள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் முழுப் பரீட்சை. தேர்டு பாரம், அதாவது எட்டாம் வகுப்பு, சயன்ஸ் தாளில் பத்து மார்க் கேள்வி: மொச்சை விதை முளைக்கும் விதத்தை விவரி. இலத்தூர் செண்பகவல்லி எழுதிய விடை இது:

"மொச்சை விதை இரண்டு நிமிடத்தில் முளைக்கும். முதலில் தண்ணீர் குடித்து வீங்கும். பிறகு வேர் கீழே போகும். அப்புறம் கழுத்துதான் முதலில் மண்ணை முட்டிக்கொண்டு வரும், தலை வராது, கூச்சப்பட்டுக் குனிந்தே இருக்கும். பிறகு தலையை எடுக்கும்போது போட்டிருக்கிற தொப்பியைக் கீழே தள்ளிவிடும். நிமிர்ந்ததும் தலையைச் சுற்றிச் சுற்றித் திருப்பி யாரையோ தேடும். யாரும் இல்லை என்று தெரிந்ததும் ஒரு குதி குதிக்கும். குதித்து இறங்கும்போது பூ இருக்கும்."

டீச்சர் இதை மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை படிக்கும்போது கொண்டையிலிருந்த பென்சில் தானாகவே கைக்கு வந்துவிட்டது. வீங்கியதற்கு ஒன்று, வேருக்கு ஒன்று. மீதிக்கு மேலிருந்து கீழாக ஒரே கோடு. பத்துக்கு இரண்டு. மொத்தம் கூட்டினால் முப்பத்திரண்டு. முப்பத்தைந்து இருந்தால்தான் பாஸ்.

மே மாதம் நடுவில் ஒரு நாள் காலையில் டீச்சர் வீட்டு வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. இறங்கியவர் செண்பகவல்லியின் அப்பா உச்சிமாகாளி. பின்னால் செண்பகவல்லி, ஒரு வாழைத்தாரைவிடக் கொஞ்சம்தான் உயரம். வாழைத்தாரும் கூடவே வந்திருந்தது.

"தாரை வண்டியில ஏத்தும். பாஸ் லிஸ்டு இருபத்தெட்டாந் தேதிதான்" என்றார் டீச்சர்.

"லிஸ்டு கெடக்கட்டும் டீச்சரம்மா. ஒத்த வார்த்த சொல்லுங்க. பாஸுன்னா சூன்ல அனுப்புதேன், எம் பேச்சு மாறாது. பெயிலுன்னா இத்தோட போதும். கார் நெல் நடுகைக்கு ஆள் கெடைக்காம நாய் படாத பாடு படுதேன். இவளும் ஒரு வரிசை பிடிப்பா."

டீச்சர் பெண்ணைப் பார்த்தார்.

"ஏட்டி, மொச்சை குதிக்கும்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல டீச்சர். நாம் பாத்தேன்."

"எங்கன?"

செண்பகவல்லி அப்பாவை ஒரு முறை பார்த்துவிட்டு, "கொட்டகையில. பெரிய படத்துக்கு முன்னால சர்க்கார் படம்னு ஒண்ணு போடுவாங்கள்லா, அதுல" என்றாள்.

"புஸ்தகத்துல இருக்கா?"

"புஸ்தகத்துல அது அசையாதுல்லா டீச்சர்."

எதிர்த்துப் பேசும் குரலில் சொல்லவில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கா என்று கேட்டால் இருக்கு என்பதுபோலச் சொன்னாள். உச்சிமாகாளிக்கு அதற்குள் விஷயம் பிடிபட்டுவிட்டது. "சரி, வாட்டி" என்று மகளை வண்டியில் ஏற்றினார். வாழைத்தாரை இறக்கி வைத்துவிட்டுத்தான் போனார். தோற்ற பிள்ளைக்கானாலும் கொண்டுவந்ததைத் திருப்பிக்கொண்டு போகிற வழக்கம் அவர்கள் குடும்பத்தில் இல்லை.

அன்று பகல் டீச்சர் விடைத்தாள் கட்டை அவிழ்த்தார். கோபம் இல்லாமல் படிக்கும்போது அதே எழுத்து வேறு மாதிரி இருந்தது. கழுத்து முதலில், தலை பின்னால் என்றால் என்ன? வளைந்து வெளிவரும் தண்டு, அவர் வரைந்த மூன்றாம் கட்டம். சரிதானே. தொப்பி எது? விதையின் தோல். அதுவும் சரிதான். ஒரு சரிக்கு ஒரு மார்க் என்பது அவருடைய சட்டம். இரண்டைக் கூட்டினார். முப்பத்துநாலு.

இன்னும் ஒன்று வேண்டும். இரண்டு நிமிடம் என்பது அபத்தம். குதிப்பது அதைவிட அபத்தம். மிஞ்சி நின்றது ஒரே வரி: நிமிர்ந்ததும் தலையைச் சுற்றிச் சுற்றித் திருப்பும். டீச்சர் தன்னிடமிருந்த ஏழு சயன்ஸ் புத்தகங்களையும் புரட்டினார். ஒன்றிலும் மொச்சை தலையைத் திருப்பவில்லை. அந்தப் பெண் அடுத்த வகுப்புக்குப் போவதா, நாற்றங்காலுக்குப் போவதா என்பது ஒரு மொச்சையின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஞானபாக்கியம் டீச்சர் குற்றாலத்துக்கு பஸ் ஏறினார். செண்பகவல்லி படம் பார்த்த சிற்றாற்றங்கரைக் கொட்டகை, சீசனை முன்னிட்டு அங்கே போயிருந்தது. தரை டிக்கெட் வாங்கினார். பெஞ்சில் உட்கார்ந்தால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள். பெண்கள் பக்கம் ஒரு மூலையில் மணலில் உட்கார்ந்து, முகத்தை மறைக்கக் குடையை விரித்துக்கொண்டார்.

"யாரும்மா அது, கொட்டகைக்குள்ள குடை? மேல ஒழுகுதா? மடக்குங்க, மறைக்குதுல்லா!"

மடக்கினார். மடக்கின நேரத்தில் விளக்கு அணைந்தது.

புதிதாகச் சர்க்கார் படம் வந்து சேராததால் மூன்று மாதமாக அந்தக் கொட்டகையில் அதே மொச்சைதான் ஓடிக்கொண்டிருந்தது. ஊர் ஊராகப் பின்தொடர்ந்து வருகிற ரசிகர்கள் அதற்கு இருந்தார்கள். திரையில் யானைத் தலை அளவுக்கு ஒரு விதை தோன்றியதுமே ஆண்கள் பக்கம் விசில் கிளம்பியது.

"வந்துட்டாம்லே!"

"ஏலே, தண்ணியக் குடிலே! நல்லாக் குடி!"

விதை வீங்கியது. மண் ஒரு மூச்சு விட்டதுபோல மேலே எழும்பிற்று. விரிசல் விட்டது. "முட்டுலே! முட்டு! விட்டுராத!" என்று கொட்டகையே கத்த, விரிசலுக்குள்ளிருந்து ஒரு முதுகு, ஆம், மூட்டை சுமக்கிறவனின் முதுகு, மண் கட்டிகளைப் புரட்டிக்கொண்டு எழுந்தது. தோள்கொடுத்து, திணறி, ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி தோள்கொடுத்து அது தலையை வெளியே இழுத்துக்கொண்டது. தோல் கழன்று விழுந்தது. நிமிர்ந்தது. நிமிர்ந்ததும் மெதுவாக, கூட்டத்தில் தொலைந்த குழந்தை அம்மாவைத் தேடுகிற மாதிரி, இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தது.

"ஆண்டவரே" என்றார் டீச்சர், வாய்விட்டு.

மூன்றாம் கட்டத்துக்கும் நாலாம் கட்டத்துக்கும் நடுவில் இருபத்திரண்டு வருஷமாக அவர் ஒரு அம்புக்குறி போட்டுவந்தார். இரண்டு அங்குலம் இருக்கும். அதற்குள்ளேயா இத்தனையும் நடந்துகொண்டிருந்தது?

அவர் மூச்சை விடுவதற்குள், இரண்டு இலையோடு நின்ற செடி பளிச்சென்று ஒரு குதி குதித்தது. இறங்கும்போது பூ இருந்தது. கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல்.

டீச்சர் விருட்டென்று எழுந்தார். பெரிய படம் ஆரம்பிக்குமுன் வெளியே வந்துவிட்டார். குதிப்பது பொய் என்று அவருக்குத் தெரியும். பொய் சொன்ன வாய்தான் தலை திருப்பியதையும் காட்டியது. அதை மட்டும் எப்படி நம்புவது?

அடுத்த நாள் காலையில் மறுபடி குற்றாலம். கொட்டகைக்குப் பின்னால், தகரம் அடித்த மிஷின் அறை வாசலில் ஆப்பரேட்டர் பீர் மைதீன் உட்கார்ந்து படச்சுருளைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் சூடுபட்ட தழும்பு.

"பாய், மொச்சை குதிக்குதே, அது எப்படி?"

"அதுவா டீச்சர்? அது நான் குதிக்க வச்சது." பீர் மைதீன் வெற்றிலைக் காவிப் பல்லைக் காட்டினார். "செங்கோட்டையில ஓட்டும்போது நடுவுல சூடு தின்னு போச்சு. கருகின பாகத்தக் கத்திரிச்சுத் தள்ளிட்டு ரெண்டு முனையையும் ஒட்டுனேன். பூ விடுததுக்கு முன்னால நடந்ததெல்லாம் அந்தக் கருகலோட போச்சு. குதிச்சுட்டான். சனங்களுக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சிருக்கு."

"அப்ப தலையத் திருப்புதே, அதும் நீரு திருப்புனதா?"

"அல்லா மேல ஆணையா தலைய நாந் தொடல. எனக்கு வெட்டத்தான் தெரியும் டீச்சர், திருப்பத் தெரியாது."

சுருளைக் கொஞ்சம் உருவி வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். கட்டம் கட்டமாகப் படம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மொச்சை. ஒன்றுகூட அசையவில்லை. சுவரில் அவர் மாட்டியிருந்த படம் மாதிரியேதான் இருந்தது. ஒரு கட்டத்துக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பத்துக் கட்டம் தள்ளிப் பார்த்தால் கழுத்து ஒரு மயிரிழை நகர்ந்திருந்தது.

"ஒரு முழம் ஒரு நொடிக்கு ஓடும். முழத்துக்கு இருபத்துநாலு படம்" என்றார் பீர் மைதீன்.

டீச்சர் முழங்கையிலிருந்து நடுவிரல் வரை வைத்து அளந்தார். எண்ணினார். இருபத்துநாலு. கைப்பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து, படம் வந்த தகரப் பெட்டியின் மூடியிலேயே கணக்குப் போட்டார். இரண்டு நிமிஷம் என்றால் நூற்றிருபது முழம். இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது படம். இரண்டு இலை விட்டு நன்றாக நிமிர மொச்சைக்குப் பத்து நாள் ஆகும், அது அவருக்கே தெரியும். பத்து நாளை இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பதால் வகுத்தார். ஈவு, மீதியே இல்லாமல் வந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம்.

சாக்குக்கட்டியைப் பிடித்த கை மூடிமேலேயே நின்றுவிட்டது.

"யாரோ ஒருத்தரு பத்து நாளா அது பக்கத்துல உக்காந்திருக்காரு, பாய். ராப் பகலா. அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவ."

"ஆமா டீச்சர். நாம ரெண்டு நிமிசத்துல விசிலடிச்சு அனுப்பிருதோம்."

டீச்சர் புறப்பட்டு நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார். "அவரு மிஷினு ஆடியிருந்தா? செடி ஆடாம மிஷினு ஆடியிருந்தா?"

பீர் மைதீன் யோசித்தார். "இருக்கும் டீச்சர். எம் மிஷினே ஆடுமே. அதுக்கு நான் எப்படிச் சத்தியம் பண்ண?"

அன்றைக்கே டீச்சர் ஒரு மண்தொட்டியில் மூன்று மொச்சை ஊன்றினார். ஐந்தாம் நாள் காலையில் ஒன்று தலையெடுத்தது. அதைச் சுவரோரம் வைத்து, நாலு செங்கல்லை அடுக்கி, மேலே ஒரு கண்ணாடியைக் கிடத்தினார். வீட்டில் அவ்வளவு பெரிய கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. பாளையங்கோட்டையில் பயிற்சி முடித்ததற்கான சான்றிதழுக்குச் சட்டம் போட்ட கண்ணாடி. சான்றிதழை உருவி அலமாரியில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். பக்கத்தில் அலாரக் கடிகாரம், சிவப்பு மசி, தீக்குச்சி. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒற்றைக் கண்ணை மூடி, மேலிருந்து நேரே பார்த்து, முளையின் நுனி எங்கே தெரிகிறதோ அங்கே கண்ணாடியில் தீக்குச்சி முனையால் ஒரு புள்ளி வைக்கவேண்டும். கண்ணாடியும் நகராது, தொட்டியும் நகராது. நகர்ந்தால் மொச்சைதான் நகரவேண்டும்.

காலை ஆறு மணிக்கு முதல் புள்ளி.

அடுத்த வீட்டில் இடியாப்பம் அவித்து விற்கும் ஹைருன் பீவி எட்டு மணிக்கு எட்டிப் பார்த்தாள். "என்ன டீச்சர், மொச்சைக்குக் காவலா? ஓடியா போயிரும்?"

"ஓடுதா இல்லியான்னுதான் பாக்கேன்."

"அல்லாவே!" என்று போன ஹைருன் பீவி, பத்து மணிக்கு இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் கொண்டுவந்து வைத்தாள். டீச்சர் கண்ணை எடுக்காமலே தின்றார். பாதி மசியில் தொட்டுத் தின்றதாக ஹைருன் பீவி இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறாள். பதினொரு மணிக்குக் கோயில் பிள்ளை காணிக்கை விஷயமாக வந்தார். "உஸ், நாலு நிமிசம் பொறும்" என்றார் டீச்சர். நாலு நிமிஷம் கழித்து ஒரு புள்ளி வைத்துவிட்டு, "இன்னும் அஞ்சு நிமிசம்" என்றார். கோயில் பிள்ளை இரண்டு புள்ளி பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

முதலில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவது போலிருந்தது. பிறகு இடது பக்கம் நகர்ந்தன. நகர்ந்தது சாய்வுதான், வெயில் பக்கம் சாய்கிறது, அது பக்கம் நாற்பத்திரண்டு என்று டீச்சர் தனக்குள் சொல்லிக்கொண்டார். ஆனால் நேராகப் போன புள்ளிகள் ஏழு மணிக்குள் வெயிலை விட்டுவிட்டு வளைந்தன. சுவர்ப் பக்கம் திரும்பின. திரும்பி, ஆரம்பித்த இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து, நிற்காமல் மறுபடி கிளம்பின. ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். யாரும் பார்க்கமுடியாத நிதானத்தில், கண் எதிரே, அது சுற்றிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கண்ணாடியில் நூற்றைம்பது புள்ளிக்கு ஐந்துதான் குறைவு. டீச்சர் கண்ணாடியைத் தூக்கி மேற்கு வெளிச்சத்தில் பிடித்தார். ஆறு வளையம், ஒன்றை ஒன்று தொட்டும் தொடாமலும். ஹைருன் பீவியும் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு விஷயம் தெரியாது. "யாரு போட்டது இது? நல்லா இருக்கே" என்றாள்.

"அது போட்டது" என்றார் டீச்சர்.

இருபத்திரண்டு ஆவணி மாதம் மொச்சை ஊன்றி, பிள்ளைகளைக் கூட்டிவைத்து, இதோ தண்டு, இதோ இலை என்று பிரம்பால் காட்டிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் அவர் திரும்பியிருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷத்து மொச்சையும் தலையைச் சுற்றி அவரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

இருபத்தெட்டாம் தேதி காலையில் ஒரு கையில் தொட்டி, ஒரு கையில் கண்ணாடியோடு டீச்சர் பெரிய டீச்சரின் அறைக்குள் நுழைந்தார். மார்க் ரிஜிஸ்டரைக் கேட்டார். முப்பத்திரண்டை அடித்து முப்பத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பெரிய டீச்சர் பயந்துபோனார். ஞானபாக்கியம் போட்ட மார்க்கைத் திருத்தி அந்தப் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. "எதுக்கு மூணு?"

"ரெண்டு நான் கோவத்துல அடிச்சது. ஒண்ணு எனக்குத் தெரியாதது."

"புஸ்தகத்துல இல்லியே, ஞானபாக்கியம். இல்லாததுக்கு மார்க் போடலாமா?"

"முளைக்கும் விதத்தை விவரின்னுதான் கேள்வி. நானே எழுதுன கேள்வி. புஸ்தகத்துல முளைக்கும் விதத்தைன்னு கேக்கலியே."

பெரிய டீச்சர் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு லிஸ்டில் ஒரு எண்ணைக் கூடுதலாக எழுதச் சொன்னார்.

வகுப்பறை வாசலில் உச்சிமாகாளியும் மகளும் நின்றார்கள். "பாஸ்" என்றார் டீச்சர். உச்சிமாகாளிக்குச் சந்தோஷமா வருத்தமா என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு நடுகை ஆள் குறைந்துபோனது. ஆனாலும் சொன்ன சொல். "வண்டியப் பூட்டுதேன், வந்து சேரு" என்று மகளிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

டீச்சர் விடைத்தாளைப் பிரித்தார். "இங்க பாரு. தலை திருப்பினதுக்கு ஒண்ணு. ரெண்டு நிமிசத்துக்கு முட்டை. குதிச்சதுக்கும் முட்டை. அது மைதீன் பாயோட கத்திரி. கண்ணால பாத்தாலும் கேள்வி கேக்கணும், வெளங்குதா?"

"வெளங்குது டீச்சர்." செண்பகவல்லி போகவில்லை. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். இரண்டு இலை விட்டிருந்தது. "ஒண்ணு எழுதாம விட்டுட்டேன். எழுதுனா சிரிப்பியள்னு."

"என்னட்டி?"

"அது மண்ணுக்குள்ளருந்து வரும்போது ஒரு சத்தம் கேட்டுச்சு டீச்சர். சன்னமா. இழுத்து இழுத்து."

"அது பிடில் சத்தம்ட்டி! படம் எடுத்தவங்க பின்னால சேக்குறது. மொச்சைக்கு ஏது சத்தம்?"

"நீங்க காது வச்சுப் பாத்தியளா?"

"போ, போ. அப்பா வண்டியப் பூட்டியாச்சு."

செண்பகவல்லி ஓடினாள். வண்டி கிளம்புகிற சத்தம், மாட்டின் சலங்கை, தெருமுனை திரும்புகிற வரை கேட்டது. பிறகு பள்ளிக்கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை.

மூன்று மொச்சையில் கடைசி ஒன்று அப்போதுதான் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தது. டீச்சர் தாழ்வாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். கதவைச் சாத்தினார். முழங்காலிட்டு, கஞ்சி போட்ட முந்தானை தரையில் புரள, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தொட்டி மண்ணின்மேல் காதை வைத்தார்.